யாருக்கு வலி? கிரெகரி விளாஸ்டோஸ் பத்தி ஒரு பேச்சு

(போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் எங்க ஊர் நூலக மாடியில, வாசகர் கூட்டத்துல பேசினது. போன்ல ரெக்கார்ட் ஆனதைக் கேட்டு டைப் பண்ணேன், பேசின மாதிரியே விட்டுட்டேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மழையில நனைஞ்சுக்கிட்டு வந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

1950-கள்ல அமெரிக்காவுல ஒரு ப்ரொபசர் சாக்ரடீஸ் பத்தி ஒரு முழு புத்தகம் எழுதி முடிக்கிறாரு. முடிச்சுட்டு உக்காந்து திரும்பப் படிச்சுப் பாக்குறாரு, படிக்கப் படிக்க இது சரியா வரலயே, நான் பாக்க வேண்டிய சாக்ரடீஸ் இதுல இல்லயேன்னு அவருக்கே புரியுது. வெளியிடல, அப்படியே கைவிட்டுட்டாரு. அப்புறம் சாக்ரடீஸ் பத்தி அவரோட புத்தகம் எப்போ வந்துச்சுன்னா 1991-ல. அந்தப் புத்தகத்தோட ஆரம்பத்துலயே, நான் முன்னாடி ஒண்ணு எழுதி தூக்கிப் போட்டேன்னு அவரே சொல்லிட்டுதான் தொடங்குறாரு. அதே வருஷம் அக்டோபர்ல காலமாயிட்டாரு, அப்போ வயசு 84.

அவரு பேரு கிரெகரி விளாஸ்டோஸ். போன நூற்றாண்டோட பின்பாதியில, இங்கிலீஷ்ல பழைய கிரேக்க தத்துவம் படிக்கிற முறையையே மாத்தினவங்கள்ல முக்கியமான ஒருத்தர். அவருக்கு முன்னாடி பெரும்பாலும் எப்படி இருந்துச்சுன்னா, பிளாட்டோ இங்க இப்படி சொன்னாரு, அங்க அப்படி சொன்னாருன்னு எடுத்து அடுக்குவாங்க, இல்லன்னா புகழ்வாங்க. இவரு வந்து, சரி சொன்னாரு, சொன்னது செல்லுமா? எந்த வரியிலருந்து எந்த வரி வருது? நடுவுல சொல்லாம விட்டது என்ன? அப்படின்னு பக்கத்து வீட்டுக்காரரோட வாதாடுற மாதிரி கேக்க ஆரம்பிச்சாரு. எனக்கு அதுதான் உண்மையான மரியாதைன்னு படுது. ஒருத்தர் 2400 வருஷத்துக்கு முன்னாடி செத்துட்டாருங்கிறதுக்காக அவரு பேச்சை மாலை போட்டு சுவத்துல மாட்டி வெச்சுட்டா அவரை மதிச்சதா ஆகாது.

பொறந்தது 1907, இஸ்தான்புல்ல. அப்பா கிரேக்கர், அம்மா ஸ்காட்லாந்துக்காரங்க. அங்கயே ராபர்ட் காலேஜ்ல படிச்சுட்டு அமெரிக்கா போறாரு, முதல்ல சிகாகோவுல கிறிஸ்தவ இறையியல் படிக்கிறாரு, அதுக்கப்புறம் ஹார்வர்டுல வைட்ஹெட்ங்கிற தத்துவ ஆசிரியர் கிட்ட தத்துவத்துல டாக்டரேட், 1931. உடனே கனடாவுல கிங்ஸ்டன்ங்கிற ஊர்ல குயின்ஸ் யுனிவர்சிட்டியில வேலை. அந்த வருஷத்தை கவனிங்க, உலகம் பூரா வேலையில்லாத் திண்டாட்டம், பொருளாதார மந்தம். இவரு அங்க கிறிஸ்தவ சோஷலிஸ்ட் இயக்கத்துல இறங்குறாரு, 1936-ல அந்தக் கூட்டத்தோட கட்டுரைத் தொகுப்பு ஒண்ணுக்கு ரெண்டு எடிட்டர்கள்ல இவரும் ஒருத்தர். உலகப் போர்ல கனடா விமானப்படையில வேலை பாத்தாரு. அப்புறம் 1948-ல கார்னெல், 1955-லருந்து 1976 வரைக்கும் பிரின்ஸ்டன், ரிட்டயர் ஆகிற வயசுக்கு மேல பெர்க்லி. பயோடேட்டா இவ்வளவு போதும்.

ஆனா அந்த கனடா வருஷங்களை அவ்வளவு சுலபமா தாண்டிப் போக எனக்கு மனசு வரல. ஏன்னா 1941-ல, போர் நடந்துக்கிட்டிருக்கும்போது, பிளாட்டோவோட சிந்தனையில அடிமைமுறைன்னு ஒரு கட்டுரை எழுதுறாரு. பிளாட்டோவோட கடைசி நூலான 'சட்டங்கள்'ல ஒரு இடம் வரும். ரெண்டு வகை டாக்டருங்க இருக்காங்க. சுதந்திரமான ஆளுங்களுக்கு வைத்தியம் பாக்குற டாக்டர் நோயாளி பக்கத்துல உக்காந்து பேசுவாரு, எப்போ ஆரம்பிச்சுது என்னன்னு கேப்பாரு, குடும்பத்தோட பேசுவாரு, நோயாளி மனசு ஒத்துக்குற வரைக்கும் மருந்து குடுக்க மாட்டாரு. அடிமைகளுக்குப் பாக்குறதோ இன்னொரு அடிமை, அவன் எதையும் கேக்க மாட்டான், எதையும் விளக்க மாட்டான், எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு சர்வாதிகாரி கணக்கா இதைக் குடின்னு உத்தரவு போட்டுட்டு அடுத்த ஆளைப் பாக்க ஓடுவான். அதாவது அடிமைன்னா யாரு? காரணம் சொல்லத் தேவையில்லாத ஆளு, உத்தரவு மட்டும் போதும்ங்கிற ஆளு. விளாஸ்டோஸ் சொன்னது என்னன்னா, இந்த நினைப்பு பிளாட்டோ கிட்ட வீட்டு வேலைக்காரன் விஷயத்தோட நிக்கல, அரசியல்ல ஆளுறவன் ஆளப்படுறவன், ஆன்மா உடம்பு, கடைசியில பிரபஞ்சத்துல அறிவு ஜடப்பொருள் வரைக்கும் அதே எஜமான் அடிமை அச்சுதான் ஓடிக்கிட்டிருக்குன்னு. பிளாட்டோவை இவ்வளவு நேசிச்ச ஒரு மனுஷன் இதை எழுதினாருங்கிறதுதான் எனக்கு முக்கியம். நேசிச்சவர்ங்கிறதனாலதான் மறைக்கலன்னு நான் நம்புறேன்.

இதே சரடு 1962-லயும் வருது. நீதியும் சமத்துவமும்ங்கிற தலைப்புல ஒரு கட்டுரை, அதுல கிரேக்கம் ரொம்ப கம்மி. செவ்வாய் கிரகத்துலருந்து ஒருத்தர் நியூயார்க்குக்கு வர்றாரு, அவரு ஊர்ல எல்லாமே தகுதி பாத்துதான், யாரு எவ்வளவு உயர்ந்தவங்களோ அவங்களுக்கு அவ்வளவு கிடைக்கும். இங்க சாதாரண ஆளு ஒருத்தருக்கு கொலை மிரட்டல் வந்துருக்கு, போலீஸ் காசைப் பாக்காம காவல் போடுது. வந்தவருக்குப் புரியல, இவரு என்ன பெரிய சாதனை பண்ணாரு, இவருக்கு ஏன் இவ்வளவு செலவு? விளாஸ்டோஸோட பதில், அவரு உயிருக்கு அவரு மார்க் வாங்கத் தேவையில்ல. திறமை வேற, மனுஷன்ங்கிற மதிப்பு வேற, ரெண்டாவதுல எல்லாரும் சமம், அங்க தகுதிப் பட்டியலே கிடையாது. அன்னைக்கு அடிமையைப் பத்தி எழுதின அதே கை.

சரி, இப்போ நான் உங்க கிட்ட முக்கியமா காட்ட நினைச்ச இடத்துக்கு வர்றேன். 'கோர்கியாஸ்'னு, சாக்ரடீஸைப் பேச வெச்சு பிளாட்டோ எழுதின உரையாடல் ஒண்ணு. அதுல போலஸ்னு ஒரு துடிப்பான பையன், பேச்சுக்கலை படிச்சவன். அவன் சொல்றான், அநியாயம் பண்றதை விட அநியாயத்துக்கு ஆளாகுறதுதான் மோசம். நம்மள்ல பாதிப்பேரு உள்ளுக்குள்ள அப்படித்தான் நினைப்போம். சாக்ரடீஸோ, இல்லப்பா, பண்றதுதான் மோசம்ங்கிறாரு. எப்படி நிரூபிக்கிறாரு?

முதல்ல கேக்குறாரு, சரிப்பா, எது அசிங்கம்? பண்றதா, ஆளாகுறதா? போலஸ் பண்றதுதான் அசிங்கம்னு ஒத்துக்குறான். இந்த இடத்துலயே அவன் கால் வழுக்கிடுச்சு. அப்புறம் கேக்குறாரு, ஒண்ணை அழகுன்னு சொல்றோமே எதனால? ஒண்ணு அதைப் பாத்தா சந்தோஷமா இருக்கு, இல்ல அதனால நன்மை இருக்கு. அப்போ அசிங்கம்னா வலி, இல்ல கெடுதல். சரிங்கிறான். அப்போ அநியாயம் பண்றது அதிக அசிங்கம்னா, அதுல வலி அதிகமா இருக்கணும், இல்ல கெடுதல் அதிகமா இருக்கணும். பண்றவனுக்கு ஆளாகுறவனை விட வலி அதிகமா? இல்ல. அப்போ கெடுதல்தான் அதிகம். அப்போ பண்றதுதான் மோசம். போலஸ் வாயடைச்சுப் போறான்.

நான் முதல் தடவை படிச்சப்போ கைதட்டத் தோணுச்சு, நிஜமா. அப்புறம்தான் 1967-ல விளாஸ்டோஸ் எழுதின கட்டுரை கிடைச்சு படிச்சேன், போலஸ் உண்மையில தோத்தானான்னு ஒரு கட்டுரை. அவரு கேக்குறது ஒரே ஒரு வார்த்தை. யாருக்கு?

அழகுன்னு சொல்லும்போது சாக்ரடீஸ் சொன்ன சந்தோஷம் யாரோட சந்தோஷம்? பாக்குறவங்களோடது. ஒரு சிலையை, ஒரு நிறத்தைப் பாக்குறவங்களுக்கு வர்ற சந்தோஷம். அப்போ அசிங்கத்துல வர்ற வலியும் பாக்குறவங்களோட வலியாத்தானே இருக்கணும்? ஆனா ரெண்டு வரி தள்ளி சாக்ரடீஸ், பண்றவனுக்கு வலிக்குதா ஆளாகுறவனுக்கு வலிக்குதான்னு கேக்குறாரு. பாக்குறவங்க நைசா காணாமப் போயிட்டாங்க. போலஸ் மட்டும் அந்த இடத்துல கொஞ்சம் நிதானிச்சு, ஐயா யாருக்கு வலின்னு கேக்குறீங்க, தெருவுல ஒருத்தன் இன்னொருத்தனை அநியாயமா அடிக்கிறதை நின்னு பாக்குறவங்களுக்கு அந்த அடிக்கிறவனைப் பாக்கத்தான் அதிகமா வலிக்கும்னு சொல்லியிருந்தா, முடிஞ்சுது, கெடுதல்ங்கிற பக்கமே போக வேண்டியதில்ல. அவன் தோத்ததுக்கு காரணம் அந்த ஒரு கேள்வியை கேக்காம விட்டது.

இதை எழுதினவரு சாக்ரடீஸுக்கு எதிரி கிடையாது. அந்த முடிவு, அநியாயம் பண்றதுதான் மோசம்ங்கிறது, அந்த முடிவை மனசார மதிச்சவரு. பழிக்குப் பழி கூடாதுன்னு 'கிரிட்டோ'ங்கிற இன்னொரு உரையாடல்ல சாக்ரடீஸ் சொல்ற இடத்தை கிரேக்க ஒழுக்கத்துலயே பெரிய திருப்பம்னு 1991 புத்தகத்துல ஒரு முழு அத்தியாயம் எழுதினவரு. ஆனாலும் நல்ல முடிவுக்கு ஓட்டை வாதம் போதாதுன்னு சொல்ல அவருக்குத் தயக்கமே இல்ல.

தனக்கும் அதே அளவுகோல்தான். 1954-ல பிளாட்டோவோட 'பார்மெனிடிஸ்'ங்கிற உரையாடல்ல வர்ற மூன்றாம் மனிதன் வாதம் பத்தி எழுதினாரு. சுருக்கமா சொல்லிடுறேன். யானை, மலை, கப்பல் எல்லாம் பெரிசு, ஏன்னா பெரிசுங்கிற தன்மை ஒண்ணு தனியா இருக்கு, அதுல இதுங்களுக்கு பங்கு இருக்கு. சரி, அந்த பெரிசுங்கிற தன்மையும் பெரிசுதானே? அப்போ யானை மலை கப்பல் ப்ளஸ் அதையும் சேத்துப் பாத்தா, இது எல்லாத்துக்கும் மேல பெரிசுங்கிற தன்மை இன்னொண்ணு வேணும், அதுக்கு மேல இன்னொண்ணு, முடிவே இல்ல. இதுல சொல்லாம ஒளிஞ்சிருக்கிற ரெண்டு அனுமானத்தை விளாஸ்டோஸ் வெளியில எடுத்து வெச்சு, இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுதுன்னு காட்டினாரு. அப்போ பிளாட்டோ ஏன் இதை எழுதினாரு? ஏமாத்தவும் இல்ல, விளையாடவும் இல்ல, அவருக்கே விடை தெரியாம நேர்மையா குழம்பினதோட பதிவு இதுன்னு சொன்னாரு. கட்டுரை வந்ததும் செல்லர்ஸ், கீச் மாதிரி பெரிய ஆளுங்க எல்லாம் மறுத்து எழுதினாங்க, இவரு பதில் எழுதினாரு, 15 வருஷம் கழிச்சு 1969-ல மறுபடி அந்த மூலத்தை எடுத்து வெச்சுக்கிட்டு இன்னொரு கட்டுரையே எழுதினாரு.

மாணவர்களோடயும் இதே கதைதான். டெரன்ஸ் இர்வின் பிரின்ஸ்டன்ல இவரு கிட்ட படிச்சவர், 1977-ல பிளாட்டோவோட ஒழுக்கக் கோட்பாடு பத்தி பெரிய புத்தகம் போட்டாரு. குரு அதை லண்டன் டைம்ஸ் இலக்கிய இணைப்புல விமர்சனம் பண்ணாரு, கடுமையா மறுத்து. சிஷ்யன் பதில் லெட்டர் போட்டாரு. குரு திருப்பிப் போட்டாரு. 1978-ல வாசகர் கடிதப் பக்கத்துல குருவும் சிஷ்யனும் உலகமே பாக்க வாதாடுறாங்க, நல்லவனா இருக்கிறது சந்தோஷத்துக்கு வழி மட்டுமா இல்ல அதுவே சந்தோஷமான்னு. நம்ம ஊர்ல ஆசிரியரை எதிர்த்து ஒரு வரி எழுதினா வாழ்நாள் பகை ஆயிடுதே, அதை நினைச்சுக்கிட்டுதான் இதைச் சொல்றேன். எனக்கே ஒரு காலத்துல ஒரு ஆசிரியரோட விளக்கம் மூலத்துல இல்லயேன்னு வகுப்புல கேட்டதுக்கு அப்புறம் அந்த வருஷம் முழுக்க என் பேரை அவரு கூப்பிட்டதே இல்ல.

அவரு எழுதினதுல என்னை ரொம்ப பாதிச்சது காதல் பத்தினது. காதல் பத்தின பிளாட்டோவோட உரையாடல் 'சிம்போசியம்'ல டியோடிமாங்கிற பெண் சொல்ற ஏணி உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், ஒரு அழகான உடம்புல ஆரம்பிச்சு எல்லா உடம்பும், அப்புறம் மனசோட அழகு, சட்டங்கள், அறிவு, கடைசியில அழகுங்கிற ஒண்ணேயொண்ணு. எவ்வளவோ பேரு அதைப் படிச்சு உருகியிருக்காங்க. விளாஸ்டோஸ் கேட்டது, இந்த ஏணியில அந்த முதல் ஆளு எங்க போனாரு? பிளாட்டோவோட காதல் ஒரு ஆளோட நல்ல அம்சங்களை காதலிக்குது, முழு ஆளை இல்ல. குறையோட, கோவத்தோட, சொதப்பலோட நம்ம முன்னாடி நிக்கிற அந்த மனுஷியை, அந்த மனுஷனை அவங்களுக்காகவே நேசிக்க இந்த ஏணியில படி இல்ல. சாக்ரடீஸ் பத்தியும் இதுக்கு முன்னாடியே 1950-கள்ல எழுதியிருந்தாரு, ஊர் பூரா மனுஷங்களோட ஆன்மாவுக்காக அலைஞ்சவரு, ஆனா உன் ஆன்மா பிழைக்கணும்னா என் வழியில மட்டும்தான் பிழைக்கணும்ங்கிற ஒரு குளிர்ச்சி அவரு கிட்ட இருந்துச்சு, அது அன்புல ஒரு குறைன்னு. நான் இதைப் படிச்ச ராத்திரி ரொம்ப நேரம் தூங்கல.

அவரு சொன்னது எல்லாத்தையும் நான் ஏத்துக்கல. பிளாட்டோவோட ஆரம்பகால உரையாடல்ல வர்ற சாக்ரடீஸ் வேற, நடுக்காலத்துல வர்ற சாக்ரடீஸ் வேறன்னு பத்து வித்தியாசம் போட்டுப் பிரிச்சாரு. முன்னவரு நிஜ சாக்ரடீஸ், பின்னவரு பிளாட்டோவோட வாய்ன்னு. எந்த உரையாடல் எப்போ எழுதினதுன்னு நம்ம கையில இருக்கிற ஆதாரம் அவ்வளவு பலம் இல்ல, சார்ல்ஸ் கான்ங்கிற இன்னொரு பிளாட்டோ ஆய்வாளர் 1996-ல இதை எதிர்த்து ஒரு முழு புத்தகமே எழுதினாரு, நான் இந்த விஷயத்துல கான் பக்கம்தான் சாய்றேன். ஆனா அந்தப் பத்தையும் ஒவ்வொண்ணா வெளிப்படையா எழுதி வெச்சதனாலதான் நம்மால எதிர்க்க முடியுது.

இன்னொரு புத்தகம் அவரு கையில பாதியில நின்னுச்சு. பர்ன்யெட்ங்கிற இன்னொரு கிரேக்க தத்துவ ஆய்வாளர் அதைத் தொகுத்து 1994-ல வெளியிட்டாரு. சாக்ரடீஸோட குறுக்குக் கேள்வி முறை பத்தி 1983-ல எழுதின கட்டுரையை இவரு திருத்தி வெச்சிருந்த வடிவம் அதுலதான் வந்துச்சு. எண்பது தாண்டின வயசுலயும் பழைய கட்டுரையைத் திருத்திக்கிட்டுதான் இருந்திருக்காரு.

எட்டு மணிக்கு ஹாலைப் பூட்டணும்னு வாட்ச்மேன் அண்ணன் சொல்லிட்டாரு. போலஸோட சாக்ரடீஸ் பேசுற அந்த பகுதியை, பிளாட்டோ பதிப்புகள்ல ஓரத்துல போடுற எண் கணக்குல 474-லருந்து 475 வரைக்கும், தமிழ்ல பண்ணி இருபது ஜெராக்ஸ் எடுத்து வாசல் டேபிள்ல வெச்சிருக்கேன். வீட்டுல போய் பென்சிலோட படிங்க, போலஸ் சரின்னு தலையாட்டுற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு கோடு போட்டு, யாருக்குன்னு ஓரத்துல எழுதிப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னு தோணுச்சுன்னா அடுத்த ஞாயிறு பேப்பரைக் கையோட எடுத்துட்டு வாங்க, அதுலருந்தே ஆரம்பிப்போம்.