கோடு எழுதாம ஓப்பன் சோர்ஸுக்குப் பங்களிக்க முடியுமா? | சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. "எனக்கு புரோகிராமிங் தெரியும், ஆனா பெரிய ப்ராஜெக்ட்ல போய் கோட்ல கை வைக்க பயமா இருக்கு. பேக்கேஜிங், டாக்குமெண்டேஷன் மட்டும் செஞ்சா அதைப் பங்களிப்புன்னு ஏத்துக்குவாங்களா?"னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

தாராளமா ஏத்துக்குவாங்க. டெபியன்ங்கற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே எடுத்துக்கோங்க. 2010-ல ஓட்டெடுப்பு நடத்தி, பேக்கேஜே (இன்ஸ்டால் பண்ணத் தயாரா கட்டி வெச்ச சாஃப்ட்வேர்) அப்லோட் பண்ணாம டாக்குமெண்டேஷன், மொழிபெயர்ப்புன்னு வேலை செய்றவங்களும் டெபியன் டெவலப்பர் ஆகலாம்னு முடிவு பண்ணாங்க. ப்ராஜெக்ட் லீடர் தேர்தல்ல அவங்களுக்கும் ஓட்டு இருக்கு.

ஆனா பயத்துக்கு ஒதுங்கற இடமா பேக்கேஜிங்கை நினைச்சீங்கன்னா, அது சரியா வராது. சோர்ஸுக்குள்ள டெபியன்னு ஒரு டைரக்டரி வெச்சு, அதுல கன்ட்ரோல், ரூல்ஸ், சேஞ்ச்லாக், காப்பிரைட்னு ஃபைல்கள் எழுதுவோம். கன்ட்ரோல்ல பேரு, டிபெண்டன்சி (கூடவே வேணுங்கற மத்த பேக்கேஜ்கள்) எல்லாம் போடறது சீக்கிரமே முடிஞ்சிடும். உசிரை வாங்கறது காப்பிரைட் ஃபைல்தான். ப்ராஜெக்ட் முகப்புல எம்ஐடி லைசன்ஸ்னு போட்டிருப்பாங்க. உள்ள போய்ப் பார்த்தா, எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு சி ஃபைல் ஜிபிஎல்-ல இருக்கும், ஃபாண்ட் வேற லைசன்ஸ்ல இருக்கும், ஐகான் யாரோடதுன்னே தெரியாது. எது எந்த லைசன்ஸ்னு அத்தனையும் அதுல வரணும். புது பேக்கேஜ்னா முதல்ல நியூ கியூங்கற பரிசோதனை வரிசைல போய் நிக்கும். அங்க பரிசோதிக்கற டீம் முக்கியமா பார்க்கறது இதைத்தான், சரியில்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க.

டாக்குமெண்டேஷனும் இதே வேலையிலதான் வந்து ஒட்டிக்குது. பேக்கேஜை பில்ட் பண்ணி முடிச்சதும் அதுல தப்பு இருக்கான்னு பார்க்க லின்டியன்னு ஒரு டூல் ஓட்டுவோம். 'இந்த கமாண்டுக்கு மேன் பேஜ் இல்ல'ன்னு, அதாவது டெர்மினல்லயே படிக்கற கையேடு இல்லன்னு, அது புகார் சொல்லும். ஏன்னா ஒவ்வொரு புரோகிராமுக்கும் மேன் பேஜ் இருக்கணும்ங்கறது டெபியன் பாலிசி. ஹெல்ப்டுமேன்னு ஒரு டூல் இருக்கு, கமாண்டோட ஹெல்ப் அவுட்புட்டை வாங்கி மேன் பேஜா மாத்திக் கொடுத்துடும். நிறைய பேர் அதோட கையைக் கழுவிடறாங்க, எனக்கு அது பிடிக்காது. கான்ஃபிக் ஃபைலை எந்தெந்த இடத்துல தேடும், எந்த என்விரான்மென்ட் வேரியபிளைப் படிக்கும், எக்ஸிட் கோடு 2 வந்தா என்ன அர்த்தம், இதெல்லாம் பெரும்பாலும் ஹெல்ப்ல இருக்காது. சோர்ஸைத் திறந்துதான் ஆகணும். அப்படிப் படிக்கும்போது, ஹெல்ப்ல இருக்கற ஒரு ஆப்ஷனைக் கோட்ல எப்பவோ தூக்கிட்டாங்கன்னு தெரிய வரும். உடனே பக் ரிப்போர்ட் போடுங்க. பயமா இருக்குன்னீங்களே, அந்தக் கோட்டைத்தான் இப்ப படிச்சிட்டு இருக்கீங்க!

எங்க ஆரம்பிக்கறதுன்னா, புது பேக்கேஜ் வேண்டாம். பார்த்துக்கிட்டிருந்த மெயின்டெய்னர் விட்டுட்டுப் போன பேக்கேஜ்களை டெபியன்ல டபிள்யூஎன்பிபி பட்டியல்ல போட்டு வெச்சிருக்காங்க. அதுல நீங்க அன்றாடம் ஓட்டற டூல் ஏதாவது இருந்தா எடுத்துக்கோங்க. அப்லோட் உரிமை உங்களுக்கு இருக்காது, ஒரு டெபியன் டெவலப்பர் பார்த்துட்டு ஸ்பான்சர் பண்ணணும், அதாவது உங்க சார்புல அப்லோட் பண்ணணும். அதுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம்.

இன்னொண்ணு, எழுதின மேன் பேஜை டெபியன் டைரக்டரிக்குள்ளயே பூட்டி வைக்காதீங்க, அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது அந்த டூலை எழுதற மூல ப்ராஜெக்டுக்கு அனுப்புங்க. அவங்க சேர்த்துக்கிட்டா ஃபெடோரா, ஆர்ச் மாதிரி வேற லினக்ஸ் ஓட்டறவங்களுக்கும் அது போய்ச் சேரும். நீங்களும் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் அதைத் தனியா தூக்கிட்டு அலைய வேண்டாம்.