பெட்டையை விரட்டும் சேவல்: எங்கள் வீட்டில் என்ன செய்தோம்

வணக்கம் மக்களே. கொடைக்கானல் மலையில் இருக்கும் பண்ணைக்காட்டிலிருந்து பேசுகிறேன். காலையிலிருந்து ஒரே மூட்டம். இப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்திருக்கிறது, அது போவதற்குள் பேசிவிடலாம் என்று வந்துவிட்டேன்.

போன வீடியோவில் எனக்குப் பின்னால், விறகு அடுக்கின் மேல் ஒரு சாம்பல் நிறக் கோழி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சாம்பி. வெயில் காய்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். அது கீழே இறங்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. இரண்டு மூன்று நாளாகவே அப்படித்தான் இருந்திருக்கும் போல. நான் கவனிக்கவில்லை, அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எப்படித் தெரிந்தது என்றால், ராத்திரி கூண்டை அடைக்கும்போது ஒவ்வொரு கோழியின் இரைப்பையையும் தொட்டுப் பார்ப்போம். அம்மா பழக்கிவிட்ட வேலை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கம் இருக்கும். நன்றாக மேய்ந்த கோழிக்கு எலுமிச்சம்பழம் மாதிரி திரண்டிருக்கும். அன்றைக்குச் சாம்பிக்குத் தொட்டால் வெறும் தோல். மடியில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். முதுகில் இறகெல்லாம் ஒடிந்து, வெறும் குச்சி குச்சியாக நிற்கிறது. பிடரியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சொட்டை. இறக்கையைத் தூக்கினால் விலாவில் ஒரு கிழிசல், விரல் நீளம். ரத்தம் காய்ந்து இறகோடு ஒட்டிப் போயிருந்தது. அத்தனை நேரமும் அது சத்தமே போடவில்லை.

இப்போது சேவலைக் காட்டுகிறேன். அந்த ஆட்டுக் கொட்டிலுக்குள் நிற்கிறதே, கீரி நிறம், அதுதான். எட்டு மாதம் ஆகிறது. காலில் முள் இன்னும் சரியாக முளைக்கவில்லை, சாம்பியின் விலாவைக் கிழித்தது நகம்தான். பெருவிடை ரகம், தராசில் வைத்தால் மூன்று கிலோ. சாம்பி சிறுவிடை, ஒன்றேகால் கிலோ. ஒன்றேகால் கிலோ உடம்பின் மேல் மூன்று கிலோ ஏறினால் என்ன ஆகும்?

சேவல் பெட்டையை மிதிப்பது இயற்கை, அதை நான் குறை சொல்லவில்லை. முறையாக நடக்கும்போது பார்த்தால் தெரியும். சேவல் ஒரு இறக்கையைத் தரையில் உரசியபடி பக்கவாட்டில் சுற்றி வரும். பெட்டைக்குச் சம்மதம் என்றால் பதுங்கிக் கொடுக்கும். சில வினாடியில் முடிந்துவிடும். பெட்டை எழுந்து உடம்பை உதறிவிட்டு மேயப் போய்விடும். நல்ல சேவல் புழு கிடைத்தால் தான் தின்னாமல், கொக் கொக் என்று பெட்டையைக் கூப்பிட்டுக் கொடுக்கும். இவன் இதில் எதுவுமே செய்யவில்லை. பின்னாலிருந்து ஓடி வந்து பிடரியைக் கவ்வினான். சாம்பி தண்ணீர்த் தட்டுப் பக்கம் வந்தாலே விரட்டினான். தீனிக்கும் தண்ணீருக்கும் விடாமல் விரட்டினால் அது கொடுமைதான். பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது.

“சேவல் குணமே அதுதான்டி, விடு” என்றார் அம்மா. குணம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. ஒரு சேவலுக்கு எட்டிலிருந்து பத்துப் பெட்டை வேண்டும். எங்களிடம் மொத்தமே ஐந்து. அதில் மூன்று இன்னும் முட்டைக்கு வராத விடைக்கோழி. ஒன்று அடையில் இருந்தது. மிச்சம் யார்? சாம்பி ஒருத்திதான். அதிலும் சேவல் முந்திப் பருவத்துக்கு வந்துவிடும், கூடப் பிறந்த விடைக்கோழிகள் பின்னால்தான் வரும். அந்த இடைவெளி முழுக்கச் சாம்பியின் முதுகில் விடிந்திருக்கிறது.

சரி, என்ன செய்தோம்? அம்மா உடனே பஞ்சாரத்தை, அதுதான் கோழியை மூடி வைக்கிற கூடையை, எடுத்துச் சாம்பியின் மேல் கவிழ்க்கப் போனார். எல்லோர் வீட்டிலும் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஆனால் அடிபட்டவளைத் தள்ளி வைத்தால் அவளுக்கு இன்னொரு கஷ்டம் வரும். கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு ஷெல்டெரப் எப்பே சிறு வயதிலிருந்தே கோழிகளைக் கவனித்து, 1922-ல் அதை எழுதி வைத்தார். பத்து நாள் கண்ணில் படாமல் இருந்த கோழி திரும்பி வந்தால் மற்றவை புதுக் கோழியாகத்தான் பார்க்கும், வரிசையில் கடைசிக்குப் போய்விடும். அப்புறம் சேவலோடு சேர்ந்து பெட்டைகளும் கொத்தும். அதனால் சேவலைத்தான் அடைக்க வேண்டும். அவன் வரிசையில் இறங்கினால் எல்லோருக்கும் நல்லது.

சாம்பிக்கு ரத்தக் காயம் இருந்ததால் ஐந்து நாள் மட்டும் பஞ்சாரத்தில் வைத்தோம், அதுவும் வாசலிலேயே, மற்ற கோழிகள் பார்க்கிற மாதிரி. சிவப்பைக் கண்டால் கோழிகள் விடாமல் கொத்தும், அதற்காகத்தான். காயத்தை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினேன். சிவப்பும் மறையும், ஈயும் உட்காராது. ஆழமான காயம் என்றால் இதோடு நிறுத்தாதீர்கள், கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.

முதுகுக்குப் பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு சட்டை தைத்தேன். இதோ, கிட்டே காட்டுகிறேன். இரண்டு இறக்கைக்கும் எலாஸ்டிக், முதுகை மூடுகிறது, அவ்வளவுதான். ஒன்று கவனிக்க வேண்டும், நம் மலையில் ஐப்பசி கார்த்திகையில் மழையும் மூட்டமும் விடாது. துணி நனைந்தால் கோழிக்குக் குளிர் பிடிக்கும், அடியில் பேனும் சேரும். தினமும் ராத்திரி கழற்றி, காய வைத்துத்தான் மாட்டுகிறேன்.

இறகைப் பற்றி ஒரு விஷயம். அடியோடு பிடுங்கப்பட்ட இடத்தில் சில வாரத்தில் புது இறகு வந்துவிடும். ஒடிந்து குச்சியாக நிற்கிற இடத்தில், அடுத்து இறகு உதிர்க்கிற வரைக்கும் வராது. இறகு பெரும்பாலும் புரதம்தான். அதனால் கருவாட்டுத் தூளும், கிடைக்கிற அன்றைக்குக் கரையானும் போடுகிறேன். தீனியை இரண்டு இடத்தில் வைக்கிறேன், ஒரே சேவல் இரண்டையும் காவல் காக்க முடியாது இல்லையா?

காப்பித் தோட்டத்து ஓரத்தில் சாம்பல் காட்டுக்கோழி மேய வருவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சேவல் துரத்தினால் பெட்டை புதருக்குள் நுழைந்துவிடும். நம் வேலிக்குள் மூலை மட்டும்தான் இருக்கிறது. அதனால் இப்போது சுவரில் பலகை சாய்த்து வைத்திருக்கிறேன், சேவல் நுழைய முடியாத சந்து. சாம்பியின் கால் மஞ்சளாக இருக்கிறதே, வீட்டுக் கோழிகளுக்கு இந்த மஞ்சள் அந்தச் சாம்பல் காட்டுக்கோழி வழியாக வந்தது என்று 2008-ல் மரபணு ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அந்த உறவுக்காரிக்குக் கிடைக்கிற மறைவு இதற்கும் கிடைக்கட்டும்.

சேவல் கொட்டிலுக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. நகத்தை அரத்தால் மழுக்கிவிட்டேன். சேவலைப் பிரித்த உடனே முட்டை கருக்கூடாமல் போய்விடாது, ஒரு முறை மிதித்தாலே பத்து நாள் வரைக்கும் கருமுட்டை வரும். அதற்கு மேல் போனால், சேவலை மறுபடி சேர்க்கிற வரைக்கும் கருக்கூடாது. முந்தாநாளிலிருந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும், நான் கூடவே நிற்கும்போது விடுகிறேன். நேற்று ஒரே ஒரு தடவை இறக்கையை இறக்கிச் சுற்றி வந்தான். அடையிலிருந்து எழுந்த பெரிய பெட்டை தலையில் ஒரு கொத்துக் கொத்தியது, விலகிப் போய்விட்டான். அறுத்துக் குழம்பு வைத்துவிடு என்கிறார்கள். அது அவரவர் வீட்டு முடிவு, நான் தப்பென்று சொல்ல மாட்டேன். விடைக்கோழிகள் முட்டைக்கு வரும்வரை பார்க்கிறேன். அப்போதும் மாறவில்லை என்றால் தாண்டிக்குடியில் சித்தி வீட்டில் பதினைந்து பெருவிடைப் பெட்டை இருக்கிறது, அங்கே அனுப்பிவிடுவேன். சாம்பியோடு இனி அவனை நாள் முழுக்க விடுவதாக இல்லை.

இருட்டிவிட்டது. இங்கே கீரித் தொல்லை உண்டு, கூண்டை அடைக்க வேண்டும். ஒரு நிமிடம், சாம்பியைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன். இருக்கிறது. முழு எலுமிச்சை இல்லை, ஆனால் கையில் படுகிறது. கம்பு நெறுநெறு என்கிறது.