ஆற்றோரம் பகலுக்கு, மேடு இரவுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில், சான் அன்டோனியோவிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே இரண்டு மணி நேரம் போனால் ஜங்ஷன் என்ற சிற்றூர். அதையடுத்துச் சில மைல் தெற்கே சவுத் லானோ ஆற்று மாநிலப் பூங்கா. ஊற்றுநீர் ஆறு, பகலில் டியூபில் மிதக்கலாம், பெக்கான் மர நிழலில் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். 2017-இல் இதற்குச் சர்வதேச இருள்வானப் பூங்கா, அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காத வானம் உள்ள இடம் என்ற தகுதி கிடைத்தது. நான் பேச வந்தது இந்தப் பூங்காவின் இரவைப் பற்றி, அங்கே கூடாரம் போட்டு நட்சத்திரம் பார்ப்பதைப் பற்றி.

முதலில் நாள் பார்க்க வேண்டும். அதற்குச் செயலி எதுவும் வேண்டாம், சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். அமாவாசைக்கு முந்தைய ஐந்து நாள், பிந்தைய மூன்று நாள். முந்தைய நாட்களில் நிலா நள்ளிரவு தாண்டிப் பின்னிரவில்தான் எழும். பிந்தைய நாட்களில் சீக்கிரமே மறைந்துவிடும். இந்திய நேரத்துக்கும் டெக்சாஸ் நேரத்துக்கும் உள்ள அரை நாள் வித்தியாசம் இதில் ஒன்றும் செய்யாது. பௌர்ணமியில் போனால் ஆறு அழகாக மின்னும், ஆனால் பால்வீதி கண்ணில் படாது. கோடையில் ஆடி அமாவாசையை ஒட்டிப் போவது நல்லது. ஆகஸ்ட் நடுவில் அங்கே முழு இருட்டு கவிய இரவு ஒன்பதே முக்கால் ஆகும். பால்வீதியின் தடித்த நடுப்பகுதி தெற்கே உச்சத்துக்கு வருவதும் ஏறத்தாழ அதே நேரம்தான்.

அடுத்தது கூடாரம் எங்கே போடுவது என்பது. ஆற்றோரத்தில் வேண்டாம். தண்ணீர்ச் சத்தத்தில் தூங்க எல்லோருக்கும் ஆசைதான். ஆனால் அந்த வட்டாரத்து மலைகள் சுண்ணாம்புப் பாறை, மேலே மண் மெல்லிசு. மழை உள்ளே இறங்காமல் அப்படியே ஆற்றுக்கு வழிந்து ஓடிவரும். நம் தலைக்கு மேல் நட்சத்திரம் தெளிவாக இருக்கும்போதே, மேற்புறத்தில் எங்கோ கொட்டிய மழை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். 2018 அக்டோபரில் ஜங்ஷனில் ஆற்றோரமாக நிறுத்தியிருந்த முகாம் வண்டிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, உயிர்களும் போயின. 2025 ஜூலை 4 விடியற்காலையில் பக்கத்துக் கெர் மாவட்டத்தில் குவாடலூப்பே ஆறு முக்கால் மணி நேரத்தில் 26 அடி ஏறியது.

போனவுடன் மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைகளில் சருகும் குச்சியும் குருவிக்கூடு போலச் சிக்கியிருக்கும். பழைய வெள்ளம் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். அந்த மட்டத்துக்கு மேலேயே படுக்க இடம் தேடுங்கள். எச்சரிக்கை வந்தால் காரைக் கிளப்பப் பார்க்காமல் மேட்டுக்கு நடந்துவிடுங்கள். பூங்காச் சாலையே ஆற்றைக் கடந்துதான் போகிறது. ஓடுகிற தண்ணீர் ஓரடி இருந்தாலே பெரும்பாலான கார்களை இழுத்துவிடும். கைப்பேசிச் சிக்னலை நம்பாதீர்கள். வானிலை வாரிய அறிவிப்பைப் பிடிக்கும் பேட்டரி ரேடியோ ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும்.

மேட்டில் தரை கல்லாக இருக்கும். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் இரண்டாம் அடியிலேயே வளைந்துபோகும். இரும்புக் கடையில் பத்து, பன்னிரண்டு அங்குல ஆணி எட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் இறங்காவிட்டால் கயிற்றைப் பெரிய கல்லில் கட்டிவிடலாம்.

பள்ளத்தில் படுத்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் இறங்கி ஆற்றுப் பள்ளத்தில் தேங்கும், அங்கே ஈரமும் அதிகம். விடிகாலையில் கூடாரத்தின் உட்புறம் சொட்டுவதைப் பார்த்து மழை ஒழுகுகிறது என்று நினைப்பார்கள். அது உள்ளே தூங்கியவர்களின் மூச்சு! குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை மூடாமல் இருந்தாலே பாதி குறையும்.

இதே பனிதான் தொலைநோக்கிக்கும் எதிரி. திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் கண்ணாடி தன் வெப்பத்தை இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். உடனே அதில் ஈரம் படியும். பழைய யோகா பாயை வெட்டி, முகப்பு விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள குழாயாகச் சுருட்டி மாட்டினால் இரண்டு மணி நேரமாவது தாங்கும். படிந்துவிட்டால் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும். மின் இணைப்புள்ள முகாம் இடம் என்றால் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டலாம். எட்டு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி வைத்திருப்பவர்கள் பொழுது சாயும்போதே வெளியே வைத்துவிட வேண்டும். கண்ணாடி காற்றின் சூட்டுக்கு இறங்க ஒரு மணி நேரமாவது ஆகும். அதுவரை சனிக்கோளின் வளையம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல நெளியும்.

முதல் தடவை போகிறவர்கள் தொலைநோக்கி வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு பைனாகுலர் போதும், 7x50 அல்லது 10x50. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது முகப்புக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். ஐம்பதை ஏழால் வகுத்தால் ஏழு மில்லிமீட்டர். கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. இளவயதுக் கண்ணின் பாவை இருட்டில் அந்த அளவுக்கு விரியும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஐந்தாறில் நின்றுவிடுவது சகஜம், அவர்களுக்கு 10x50 பொருத்தம். சாய்வு நாற்காலியில் படுத்துக்கொண்டு பாருங்கள், கை நடுங்காது.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். பெரும்பாலும் கெடுப்பது டார்ச் அல்ல, கார். ஜாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், பூட்டினால் நான்கு மூலையும் கண் சிமிட்டும். பக்கத்து முகாமில் அரை மணி நேரமாகக் காத்திருந்தவர் பல்லைக் கடிப்பார். ஆகவே போர்வை, தண்ணீர், தின்பண்டம் எல்லாவற்றையும் வெளிச்சம் இருக்கும்போதே இறக்கிவிடுங்கள். உள்விளக்கை அணைத்து வையுங்கள். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை மூன்று, நான்கு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். கேம்ப்ஃபயரைச் சாப்பாட்டோடு முடித்துத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். தீத்தடை அமலில் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பார்த்துக்கொள்வது அவசியம்.

இனி வானம். துருவ நட்சத்திரம் சென்னையில் அடிவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். இங்கே முப்பதரை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி பத்து டிகிரி, ஆக மூன்று முஷ்டி. வடக்கு எவ்வளவு உயர்ந்ததோ தெற்கு அவ்வளவு தாழ்ந்திருக்கும். சென்னையில் ஐந்து முஷ்டி உயரத்துக்கு ஏறும் விருச்சிகத்தின் கேட்டை நட்சத்திரம் இங்கே மூன்று முஷ்டியோடு நின்றுவிடும். சிவப்பாக இருப்பதால் அடையாளம் தவறாது. அங்கிருந்து கொக்கி போல வளையும் தேள் வாலின் நுனியில் மூலம். அதற்குக் கிழக்கே பூராடமும் உத்திராடமும் சேர்ந்து ஒரு தேநீர்க் கெண்டி. பால்வீதி அதன் மூக்கிலிருந்து எழும் ஆவி போலத் தெரியும். மூக்குக்குச் சற்று மேலே பைனாகுலரைத் திருப்பினால் மங்கிய வெண்திட்டு ஒன்று தென்படும். நேராக உற்றுப் பார்க்காமல் ஓரக்கண்ணால் பாருங்கள், இன்னும் துலங்கும். விண்மீன்கள் பிறக்கும் லகூன் முகில் அதுதான்.

மேலே விருச்சிகம் இருப்பது போலக் கீழேயும் தேள் உண்டு. காலையில் செருப்பை உதறிப் போடுங்கள்.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு ஒன்று. அக்டோபர் முதல் மார்ச் வரை ஆற்றோரத்துத் தாழ்நிலத்தில் காட்டு வான்கோழிகள் கூட்டமாக அடையும். அந்த மாதங்களில் அந்தப் பகுதிக்குள் போகக் கட்டுப்பாடு உண்டு. அகத்தியர் நட்சத்திரம், அதாவது கனோபஸ், இங்கே ஏழு டிகிரிக்கு மேல் ஏறுவதே இல்லை. ஆற்றுப் பள்ளத்தில் நின்றால் கரை மேடே அதை மறைத்துவிடும். பிப்ரவரி நடுவில், நிலா இல்லாத இரவு, ஒன்பதரை மணிக்கு முன்பின், தெற்குப் பக்கம் திறந்த ஒரு மேட்டில் நின்று மிருகவியாதனான சிரியஸுக்கு நேர் கீழே பாருங்கள். சென்னையில் பார்த்தது போல வெள்ளையாக இருக்காது. காற்றை அவ்வளவு தூரம் ஊடுருவி வருவதால் மங்கலாக, செம்மை ஏறி, துடித்துக்கொண்டிருக்கும்.

வணக்கம்.