பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு அன்பின் வணக்கம்.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் அடித்த அன்று கல்குளம் பக்கத்தில் எங்கள் ஊரில் ரப்பரும் வாழையும் முறிந்து பாதையெல்லாம் அடைந்து கிடந்தது. பல நாள் கரண்டு இல்லை. நஷ்டக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கத் தங்கல் போனவர்கள் கரை திரும்பவில்லை என்ற செய்தி வந்தது. சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அரிசியும் துணியும் கட்டிக்கொண்டு தூத்தூர்க் கடற்கரைக்குப் போனோம்.

ஒரு வீட்டு வாசற்படியில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். மகன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அடக்க ஆராதனைகூட வைக்க முடியாத துக்கம் அது. "எல்லாம் கர்த்தருடைய சித்தம் அம்மா" என்று நான்தான் ஆரம்பித்தேன். அந்த அம்மா என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஒண்ணும் சொல்லாண்டாம் மக்களே. இரிக்கணும்னா சும்மா இரி" என்றார்.

இருந்தோம். கடல் இரைந்துகொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து அவரே மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சின்ன வயதில் அவன் பண்ணின சேட்டை, அவன் விரும்பிச் சாப்பிடும் மீன் குழம்பு. கிளம்பும்போது என் கையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோபுவின் புத்தகத்தை எடுத்தேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர் 7 நாள் இரவும் பகலும் அவரோடே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர்கள் செய்ததிலே நல்லது அந்த 7 நாள்தான். பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்தார்கள். மரித்துப்போன லாசருவை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அழுகிறதைக் கண்டு கண்ணீர் விட்டார். "மனதுருகி" என்று நம் வேதாகமம் சொல்லுகிறதே, அதுதான்.

இரக்கத்துக்கு நம் குமரி மாவட்டம் புதிதல்ல. 1838இல் நெய்யூரில் மிஷன் மருத்துவப் பணி தொடங்கியது. தொட யாரும் துணியாத காலத்தில் உடையார்விளையில் தொழுநோயாளருக்கு இடம் கிடைத்தது. ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து ஊழியத்துக்குக் கொடுத்த அம்மாக்கள் வளர்த்த சபைகள் இவை. ஆனால் தூரத்தில் இருப்பவனுக்குக் காணிக்கை அனுப்புகிற நமக்கு, பக்கத்துப் பெஞ்சில் இருப்பவர் மூன்று ஞாயிறாக வராதது தெரிகிறதா?

இன்னொன்றை மனம் வலிக்கத்தான் சொல்கிறேன். ஜெபக்குறிப்பு. ஒரு தாய் உபவாச ஜெபத்தில் அழுதுகொண்டே, மகன் குடிக்கிறான், மகள் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டாள் என்று சொல்லுகிறாள். மறுநாள் அது ரேஷன் கடை வரிசையில் பேச்சாகிவிடுகிறது. கேட்டால், "ஜெபிக்கத்தான் சொன்னேன்" என்கிறோம். அந்தத் தாய் அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் சொல்லமாட்டாள். ஒருவருடைய கண்ணீரை நம்மிடம் ஒப்படைத்தால், அதை நம் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பதும் ஊழியம்தான். எனக்கு அது உபவாசத்தைவிடக் கடினமாக இருந்திருக்கிறது.

துக்க வீட்டுக்கு அடக்கத்தன்று ஊரே வரும். பந்தலைப் பிரித்த பிறகு போங்கள். பாத்திரம் கிடந்தால் கழுவிப் போடுங்கள். ஒரு கட்டஞ்சாயா போட்டுக் கொடுங்கள். மரச்சீனிக் கிழங்கு அவித்துக் கொண்டுபோனால், அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் ஒரு துண்டு தின்னுங்கள்.

எங்கள் சபையில் ஒரு இளம் பெண், கணவன் விட்டுப் போன பிறகு, வழக்கமான இடத்தை விட்டுக் கடைசிப் பெஞ்சுக்குப் போய்விட்டாள். ஆராதனை முடியும்முன்னே எழுந்து போய்விடுவாள். முன் வரிசையிலேயே இருந்து பழகின ஒரு பாட்டி, அடுத்த ஞாயிறு கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. "கண்ணு தெரியல்ல, பாட்டை எடுத்துத் தா மக்களே" என்று கீர்த்தனைப் புத்தகத்தை மட்டும் நீட்டினார். மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. ஒரு ஞாயிறு பாட்டி வரவில்லை. அன்றைக்கு ஆசீர்வாதம் கூறி முடிக்கும்வரை அந்தப் பெண் இருந்தாள். பிறகு வீட்டுக்குப் போகாமல், புத்தகத்தோடு நேரே பாட்டியைத் தேடிப் போனாள்.