கிள்ளினால் கையில் வரும் கொழுப்பு

(தலைப்பு: உடல் வடிவுக்காக லைப்போசக்‌ஷன் – யோசிக்கலாமா, யோசிக்கவே கூடாதா? ‘யோசிக்கலாம்’ அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் ஐயா அவர்களுக்கும், வாயைத் திறந்தாலே வாக்கிங் போகச் சொல்லும் எதிரணிக்கும், ராத்திரி ஒன்பது மணிக்குப் பசியோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் மூன்று குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தினமும் நடந்தால் போதும். தோலுக்கடியில் குழாய் விட்டுக் கொழுப்பை உறிஞ்சும் இந்த லைப்போசக்‌ஷன் உயிரைக் குடிக்கும். கடவுள் கொடுத்த உடம்பில் கை வைக்கக் கூடாது. கடைசிக் குண்டுக்கு என் பதில் ஒன்றுதான். நடுவர் ஐயாவின் தலைமுடி இந்த வயதிலும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. நான் எதுவும் சொல்லவில்லை.

நடக்கலாம் அண்ணே, நடக்கத்தான் வேண்டும். ஆனால் எந்த இடத்தில் இளைக்க வேண்டும் என்று உடம்புக்கு உத்தரவு போட முடியுமா? முதலில் கன்னம் ஒட்டும். “என்னம்மா, சுகர் வந்துடுச்சா?” என்று தெருவே விசாரிக்கும். அம்மா வழியில் வந்த இடுப்புச் சதை மட்டும் அசையாமல் நிற்கும். அந்த இடத்துக்குத்தான் இந்தச் சிகிச்சை. எடை குறைக்க அல்ல. “ஒரே நாளில் பத்துக் கிலோ” என்று விளம்பரம் செய்கிறவன் எனக்கும் எதிரிதான். பல ஆண்களின் தொப்பையைக் கிள்ளிப் பாருங்கள், கையில் வராது, கல்லு மாதிரி இருக்கும். அது குடலைச் சுற்றிய கொழுப்பு. அங்கே இந்தக் குழாய் போகவே போகாது. 2004இல் அமெரிக்காவில் உடல் பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கு அடியிலிருந்து கிலோ கணக்கில் உறிஞ்சியெடுத்துச் சோதித்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்த இடத்திலேயே இருந்தன. இதை நானே சொல்கிறேன், எதிரணி சிரமப்பட வேண்டாம்.

அடுத்து, 1920களில் பிரான்ஸில் ஒரு நடனக் கலைஞரின் காலில் கொழுப்பெடுக்கப் போய்க் காலையே எடுத்த கதையை அண்ணன் சொன்னார். உண்மை. டுஜாரியே என்ற அறுவை மருத்துவர் கூரான சுரண்டியைப் பயன்படுத்தினார், ரத்தக்குழாய் அறுந்தது. அதன்பிறகு அரை நூற்றாண்டுக்குப் பெரிதாக யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. 1970களில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனும் உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். பாரிஸில் இல்லூஸ் முனை மழுங்கிய குழாயைக் கையில் எடுத்தார். 80களில் கலிஃபோர்னியத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன், உப்புத் தண்ணீரில் மரத்துப்போகும் மருந்தையும் அட்ரினலினையும் கலந்து முதலில் தோலுக்கடியில் ஏற்றினார். அந்த இடம் விம்மிக் கெட்டியாகும், ரத்தக்குழாய்கள் சுருங்கும். முன்பு கொழுப்போடு சேர்ந்து போன ரத்தம் வெகுவாகக் குறைந்தது. நூறு வருஷத்துக்கு முந்தைய கத்தியைக் காட்டி இன்றைய ஆளை மிரட்டுவது என்ன நியாயம்?

ஆபத்தே இல்லையா? இருக்கிறது. 2000இல் வெளியான ஓர் அமெரிக்கக் கணக்கெடுப்பு, சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒருவர் இறந்ததாகச் சொன்னது. நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பதுதான் முதல் காரணம். சும்மா அழகுக்காகச் செய்யும் ஒன்றுக்கு இது சின்ன எண் இல்லை. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமும் இல்லை.

ஆனால் சேத்தனா ராஜை அண்ணன் இழுத்தாரே, அங்கேதான் எனக்கு வழக்கு. 2022 மே மாதம், பெங்களூரு, 21 வயது கன்னடச் சின்னத்திரை நடிகை. கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. பெற்றோரிடம் சொல்லாமல் போனார் என்று அப்போது செய்தி வந்தது. அந்தப் பெண்ணின் மனதுக்குள் நான் போகவில்லை. நம் வீட்டுப் பெண் ஏன் சொல்லமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். சொன்னால், “கொழுப்பெடுத்துப் போய்க் கொழுப்பெடுக்கப் போறியா?” என்பார்கள். இதோ, அண்ணன் சொன்னபோது நீங்களும் கைதட்டினீர்களே, அதே வசனம்! அந்தக் கைதட்டலுக்குப் பயந்துதான் பிள்ளைகள் மாடிப்படி ஏறி, பாதி விலை சொல்லும் கிளினிக்கைத் தேடிப் போகிறார்கள். டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். என்ற மேற்படிப்பு படித்தவரா, மயக்க மருந்து டாக்டர் உடனிருப்பாரா, ஐசியு உண்டா, எத்தனை லிட்டர் எடுப்பீர்கள், ஐந்து லிட்டரைத் தாண்டினால் ராத்திரி என்னை யார் பார்த்துக்கொள்வார்கள்? பயந்து நிற்கும் பிள்ளை இதையெல்லாம் கேட்காது. பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தால் கேட்பார். சிகிச்சைக்குப் பிறகு வாரக்கணக்கில் போடவேண்டிய இறுக்கமான உடையைத் துவைத்துக் காயப்போடக்கூட வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

ஏதோ பெண்களின் ஆசை என்று சிரிக்கிறீர்கள். திருச்செந்தூரில் சட்டையைக் கழற்றாமல் ஆண்கள் உள்ளே போக முடியாது. மார்பு பெண்போல வளர்ந்த பையன், “நீங்க போங்கப்பா, நான் செருப்பைப் பாத்துக்கிறேன்” என்று வெளியே நிற்கிறான். ஜிம்முக்குப் போனாலும் மார்புக்குள் வளர்ந்த சுரப்பித் திசு கரையாது. கொழுப்பை உறிஞ்சி, சுரப்பியைச் சின்னக் கீறலில் எடுத்துவிடலாம்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிஷம். லிப்பிடீமா என்று ஒரு நோய். பெரும்பாலும் பெண்களுக்கே வரும். இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் தூணாகத் தடிக்கும், தொட்டால் வலிக்கும், லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். பட்டினி கிடந்தாலும் அந்தக் கொழுப்பு இறங்காது. அதற்கு மருத்துவர்கள் கையில் எடுக்கும் வழிகளில் ஒன்று இதே லைப்போசக்‌ஷன். அடுத்துப் பேசவரும் எதிரணி அக்கா, அந்தப் பெண்ணிடமும் “நட” என்றுதான் சொல்வாரா? உட்கார்ந்து கேட்கிறேன், சொல்லட்டும்.