யானை சறுக்கவில்லை, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், இரு அணி நண்பர்களுக்கும், அரங்கம் நிறைந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம்.

"வலியவர் வீழ்வது பெரிதும் தம் அலட்சியத்தாலா, எளியவரின் ஆற்றலாலா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் 2007-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தைச் சொன்னார். நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பெரிய அணி, அப்பலாச்சியன் ஸ்டேட் என்னும் சின்ன அணியிடம் தோற்ற ஆட்டம். "யானைக்கும் அடி சறுக்கும்" என்று ஒரே வரியில் முடித்தார். கைதட்டலும் வாங்கினார்.

அந்தக் கைதட்டல் எனக்கு வலித்தது, நடுவர் அவர்களே. ஜெயித்தவன் பெயர் அதில் எங்கே? யானை வந்தது, யானை சறுக்கியது, யானை விழுந்தது. எல்லாமே யானையின் கதை! எதிரே நின்றவன் என்ன செய்தான் என்று கேட்க ஆளே இல்லை.

நான் கேட்கிறேன். செப்டம்பர் 1, 2007. ஆன் ஆர்பர் நகரம், மிச்சிகன் மைதானம். 1,09,000-க்கும் மேற்பட்ட கூட்டம். மிச்சிகன் அன்று நாட்டின் ஐந்தாம் இட அணி. வந்த விருந்தாளி யார்? வட கரோலினாவின் மலைகளுக்கு நடுவே, 3,333 அடி உயரத்தில் இருக்கும் பூன் என்ற சிற்றூரின் கல்லூரி. அன்று ஆடியது இரண்டாம் நிலைப் பிரிவில். அன்றைய விதிப்படி மிச்சிகன் 85 வீரர்களுக்கு முழு உதவித்தொகை கொடுக்கலாம். அப்பலாச்சியன் அணிக்கு அன்று அனுமதி 63 முழு உதவித்தொகைக்குத்தான். அதைவிட ஒன்று சொல்கிறேன். இந்த ஆட்டத்துக்கு வருவதற்காக மிச்சிகன் அவர்களுக்குக் கொடுத்த தொகை 4 லட்சம் டாலர். பெரிய அணிகள் சீசனைத் தொடங்கும்போது, சொந்த மைதானத்துக்குச் சின்ன அணியைப் பணம் கொடுத்து வரவழைத்து ஆடுவது அங்கே நீண்டநாள் வழக்கம். வந்து தோற்றுவிட்டுப் பணத்தோடு ஊர் திரும்பு என்பதுதான் அதில் எழுதப்படாத ஒப்பந்தம்.

இனி அலட்சியத்துக்கு வருகிறேன். எதிரணி நண்பர் மிச்சிகன் தூங்கிவிட்டது என்றார். ஐயா, பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய் 6 புள்ளி எடுப்பதுதான் டச் டவுன். அன்று முதல் டச் டவுன் போட்டதே மிச்சிகன்தான்! தூங்குகிறவன் முதல் அடி அடிப்பானா? அதற்கு அப்பலாச்சியன் மூன்றே நகர்வில் பதில் சொன்னது. ஆர்மான்டி எட்வர்ட்ஸ் எறிந்தார், டெக்ஸ்டர் ஜாக்சன் பிடித்து ஓடினார், 68 கெஜம். இடைவேளையில் 28-17, சின்ன அணி முன்னிலை. பிறகு 31-17. தொடையில் அடிபட்டு வெளியே போன மிச்சிகனின் மைக் ஹார்ட் திரும்பி வந்து, மொத்தம் 188 கெஜம் ஓடினார். ஐந்து நிமிடம்கூட மீதியில்லாத நேரத்தில் 54 கெஜம் ஓடி டச் டவுன் போட்டு, மிச்சிகனை 32-31 என்று முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். இது அலட்சியமா? மிச்சிகன் வீரர்கள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். அப்படி ஆடியவர்களைத்தான் அப்பலாச்சியன் வென்றது. அவர்களுக்கும் மரியாதை கொடுங்கள், வென்றவர்களுக்கும் மரியாதை கொடுங்கள் என்கிறேன்.

சரி, எப்படி வென்றார்கள்? விதை 2004-இல் இருக்கிறது. பயிற்சியாளர் ஜெரி மூர், 1989 முதல் அந்த அணியை நடத்தி வந்தவர். 60 வயதைக் கடந்த பிறகு, தனக்குப் பழகிப்போன ஆட்டமுறையைத் தூக்கி ஓரமாக வைத்தார். அவருடைய உதவியாளர்கள் மேற்கு வர்ஜீனியாவுக்குப் போய், ரிச் ராட்ரிகஸ் என்ற பயிற்சியாளரிடம் "ஸ்ப்ரெட்" முறையைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். வீரர்களை மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரப்பி நிறுத்துவது, எதிரியின் தடுப்பை இழுத்து இடைவெளி உண்டாக்குவது, அந்த இடைவெளியில் வேகமான குவார்ட்டர்பேக்கை, அதாவது தாக்குதலை நடத்தும் வீரரை, ஓடவோ எறியவோ விடுவது. உடல் எடையில் ஜெயிக்க முடியாதவன் வேகத்தால் ஜெயிக்க வழி கண்ட முறை அது. அதன் பிறகு 2005-இல் அவர்கள் பிரிவின் தேசியக் கோப்பை. 2006-இல் மறுபடியும் கோப்பை. ஆன் ஆர்பருக்கு வந்தபோது அவர்களுடைய குவார்ட்டர்பேக் எட்வர்ட்ஸ் இரண்டாம் ஆண்டு மாணவர், ஆனால் ஏற்கெனவே கோப்பை தூக்கிய கை. தோற்றுப் பணம் வாங்கிக்கொண்டு போக வந்த கூட்டமா இது?

முக்கியமான சாட்சி ஒன்று வைத்திருக்கிறேன், நடுவர் அவர்களே. அந்த சீசனோடு மிச்சிகன் பயிற்சியாளர் லாயிட் கார் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு மிச்சிகன் யாரை அழைத்து வந்தது? அதே ரிச் ராட்ரிகஸை! எந்த முறை தன்னை வீழ்த்தியதோ, அதன் ஆசானையே வேலைக்கு வைத்துக்கொண்டது. அலட்சியத்தால் மட்டுமே தோற்றிருந்தால், "அடுத்த முறை கவனமாக ஆடுங்கள்" என்று சொல்லி முடித்திருக்கலாமே!

அடுத்து, அதிர்ஷ்டம் என்றும் சொல்வார்கள். கடைசி இரண்டு நிமிடத்தைச் சொல்லிவிடுகிறேன். 32-31, மிச்சிகன் முன்னிலை. கூடுதலாக 3 புள்ளிக்கு ஃபீல்ட் கோல், அதாவது கோல் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைக்கிறார்கள். அப்பலாச்சியன் தடுக்கிறது. இருப்பது 1 நிமிடம் 37 விநாடி. கடிகாரத்தை நிறுத்தக் கையில் ஒரு டைம் அவுட்டும் கிடையாது. லட்சம் பேர் கத்துகிறார்கள். எட்வர்ட்ஸ் பதறவில்லை. ஏழு நகர்வில் 69 கெஜம் கொண்டுபோனார். 26 விநாடி இருக்கும்போது ஜூலியன் ராவ்ச் 24 கெஜத்திலிருந்து உதைத்தார். 34-32. முடிந்ததா? இல்லை. மிச்சிகன் ஒரே எறிதலில் 46 கெஜம் பறந்து வந்துவிட்டது. 6 விநாடி பாக்கி. 37 கெஜ உதை. அது உள்ளே போனால் ஆட்டம் மிச்சிகனுடையது. அப்பலாச்சியனின் கோரி லிஞ்ச் ஓரத்திலிருந்து பாய்ந்து வந்தார், பந்தை உடம்பால் தடுத்தார், எடுத்துக்கொண்டு ஓடவும் செய்தார். நேரம் தீர்ந்தது.

ஒருமுறை தடுத்தால் அதிர்ஷ்டம் என்பீர்கள். ஒரே ஆட்டத்தின் முடிவில் இரண்டு உதையைத் தடுத்தால்? இடையில், டச் டவுனுக்குப் பிறகு கூடுதலாக இரண்டு புள்ளி எடுக்க மிச்சிகன் செய்த முயற்சிகள் இரண்டையும் மறித்ததை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

அந்த வருடம் மிச்சிகனே மோசமான அணி, அடுத்த வாரம் ஆரிகனிடம் 39-7 என்று தோற்றார்கள் என்று இனி வரும் எதிரணியினர் சொல்லக்கூடும். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மிச்சிகன் சீசன் முடிவில், முந்தைய ஆண்டின் தேசிய சாம்பியனான ஃபுளோரிடாவை 41-35 என்று வென்றது. அப்பலாச்சியனோ அந்த ஆண்டும் கோப்பையை வென்று, தொடர்ந்து மூன்றாவது முறை எடுத்தது. தரவரிசை வெளியிடும் அசோசியேட்டட் பிரஸ் அதுவரை இரண்டாம் நிலை அணிகளைக் கணக்கில் சேர்த்ததே இல்லை. இந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர்களுக்கும் வாக்களிக்கலாம் என்று விதியை மாற்றியது. சறுக்கலுக்காக யாரும் விதியைத் திருத்துவதில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அன்று மாலை பூன் நகரத்தில் மாணவர்கள் தங்கள் சொந்த மைதானத்துக்குள் புகுந்து கோல் கம்பத்தைப் பிடுங்கினார்கள். ஆட்டம் நடந்தது பல நூறு மைல் தள்ளி, கம்பம் விழுந்தது இங்கே! அதைத் தோளில் சுமந்து ஊர்வலமாகப் போய், பல்கலைக்கழக வேந்தர் வீட்டு வாசலில் வைத்தார்கள். மிச்சிகன் அசந்துபோனதைக் கொண்டாடவா அவ்வளவு பாரத்தைச் சுமந்தார்கள்? தங்கள் பிள்ளைகள் செய்து காட்டியதைக் கொண்டாடினார்கள், நடுவர் அவர்களே. தீர்ப்பு எழுதும்போது அந்த ஊர்வலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.