பல்லுக்குள்ள பழைய சாப்பாடு

[வெள்ளவத்தை, மத்தியானம், சாப்பாட்டுக் கடை]

இண்டைக்கு நீங்க சோறு சாப்பிட்டீங்களா குரக்கன் புட்டு சாப்பிட்டீங்களா எண்டு உங்கட எலும்பை வச்சு ஒருத்தராலயும் சொல்லேலாது, ஆனா வருசக்கணக்கா எதைக் கூடுதலா சாப்பிட்டீங்க எண்டு சொல்லலாம்.

விசயம் காபன்ல இருக்கு. காபன் 12, காபன் 13 எண்டு நிலையான ஐசோடோப் (ஒரே மூலகத்தில பாரம் மட்டும் வித்தியாசமான அணு வகை) ரெண்டு, 13 கொஞ்சம் பாரம், நூறில ஒண்டு அளவுதான். நெல்லு, பலா, மரவள்ளி, காட்டு மரங்கள் எல்லாம் காத்தில இருந்து காபன் எடுக்கேக்க 13ஐ நல்லா ஒதுக்கி விட்டிரும், குரக்கன், சோளம், கரும்பு அவ்வளவா ஒதுக்காது. அதால, ஒரு நியம மாதிரியோட ஒப்பிட்டு 13 ஆயிரத்துக்கு எவ்வளவு குறைவு எண்டு பார்த்தா, முதல் கூட்டத்துக்கு மைனஸ் 27 பக்கம், மற்றதுக்கு மைனஸ் 12 பக்கம். சாப்பிட்ட ஆளிண்ட உடம்பில நம்பர் கொஞ்சம் மாறும், இடைவெளி மாறாது. நைதரசனிண்ட பாரமான ஐசோடோப், நைதரசன் 15, வேற கதை, ஒண்டை ஒண்டு தின்னத் தின்ன ஒவ்வொரு படிக்கும் அதே ஆயிரத்துக் கணக்கில 3 தொடக்கம் 5 வரை ஏறும், அதால மீன் கூடுதலா சாப்பிட்டவங்கள் பிடிபடுவாங்கள்.

[இரத்தினபுரிப் பக்கக் காடு, மழை]

நம்மட ஊரில ஒரு பிரச்சினை. நைதரசன் பார்க்க எலும்பில கொலாஜன் எண்ட புரதம் மிஞ்சியிருக்க வேணும், இந்த வெக்கைக்கும் ஈரத்துக்கும் அது எங்க தாங்குறது! அதான் எலும்பை விட்டிட்டு பல் எனாமல், பல்லிண்ட வெளிப்பக்கக் கெட்டி மூடி, அதில இருக்கிற காபனைப் பார்க்கிறாங்கள். அது சின்ன வயசில உருவாகினா பிறகு மாறாது, எலும்பு மாதிரி தன்னைப் புதுப்பிக்காது, அதால அதில இருக்கிறது சின்ன வயசுச் சாப்பாடு மட்டும்தான்.

பயிர் செய்யாம மழைக்காட்டை மட்டும் நம்பி மனுசர் வாழேலாது எண்டு ஆராய்ச்சியாளர் கனபேர் நம்பிக்கொண்டிருந்தாங்கள், மாச்சத்தும் கொழுப்பும் அங்க காணாதாம். 2015இல சயன்ஸ் சஞ்சிகையில வந்த ஆய்வு அதை ஆட்டி விட்டுது. பாஹியன் குகை, பட்டதொம்பலென மாதிரி இலங்கையில ஆதிமனுசர் இருந்த நாலு இடத்துப் பற்களைப் பார்த்தா, குறைஞ்சது 20,000 வருசத்துக்கு முதலே அங்க வாழ்ந்த சனம் பெரும்பாலும் மழைக்காட்டுச் சாப்பாட்டிலதான் இருந்திருக்கு, அதுவும் காட்டு ஓரம், கொஞ்சம் வெளிச்சம் விழுற பக்கம். அடர்ந்த காட்டு நிழலில வளருற செடியில 13 இன்னும் குறையும், அதை வச்சுத்தான் காட்டுக்குள்ளயா ஓரத்திலயா எண்டு பிரிச்சிருக்கிறாங்கள்.

"ஆதிமனிதன் மெனு கிடைச்சிட்டுது" எண்டு தலைப்புப் போடுறவங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்பு வரும். பழம் சாப்பிட்டாலும் அந்தப் பழத்தைத் திண்ட குரங்கைச் சாப்பிட்டாலும் காபன் கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் சொல்லும். எதைச் சாப்பிட்டாங்கள் எண்டு பிரிச்சுச் சொல்ல குகை மண்ணுக்குள்ள கிடக்கிற மிருக எலும்பைப் பார்க்க வேணும். பாஹியன் குகையில 45,000 வருசப் பழைய படையில இருந்தே கூடுதலா வாறது குரங்கும் பெரிய மர அணிலும், மானும் பன்றியும் கொஞ்சம்தான். மரத்துக்கு மரம் பாயுற அந்தக் குரங்கைப் பிடிக்கவோ என்னவோ, குரங்கு எலும்பையே சீவிக் கூர் ஆயுதமும் செய்து வச்சிருக்கிறாங்கள்.